உரக்கடைக் கல்லாவில் ஒரு புத்தகம்

மாசி முதல் வைகாசி வரை பெரிய நாவல்கள். ஆனியில் குறுவை வேலை சூடுபிடித்துவிட்டால் சிறுகதைகளும் கட்டுரைகளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதிதாக எதையும் தொடமாட்டேன். முன்பே படித்ததைத்தான் மறுபடி எடுப்பேன். சம்பாவுக்கும் தாளடிக்கும் பட்டம், அதாவது பயிர்ப்பருவம், இருப்பதுபோல் என் படிப்புக்கும் ஒரு பட்டம் அமைந்துவிட்டது. நீடாமங்கலம் வட்டாரத்தில் உரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு வேறு வழியும் இல்லை.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, எங்கள் பக்கத்து வாய்க்காலை எட்டுவதற்குள் கடையில் டி.ஏ.பி. உர மூட்டைகளை அடுக்கியாக வேண்டும். அதன் பிறகு நாற்றங்கால், அடியுரம், நடவு, மேலுரம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அணையில் இருப்பு இல்லாமல் திறப்பு தள்ளிப்போகிற ஆண்டுகளில்தான் நான் மிக அதிகமாகப் படித்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கடையில் ஆள் இல்லை என்றால் வயலில் பயிர் இல்லை என்று பொருள்.

என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, படிக்க நேரம் எங்கே கிடைக்கிறது என்பதுதான். மொத்தமாகக் கிடைப்பதில்லை, சில்லறையாகக் கிடைக்கிறது. சில்லறை நேரத்துக்குத் தோதான புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. இப்போது ஒரு மூட்டை யூரியா விற்பதற்கும் ஆதார் எண் போட்டு, கருவியில் விரல்ரேகை வைத்து, ரசீது வர வேண்டும். சேற்றிலும் கருக்கரிவாளிலும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை சீக்கிரம் பிடிக்காது. கையைக் கழுவித் துடைத்து, கட்டை விரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலை வைத்து, இணையம் போய் இணையம் வந்து... எதிரில் ஆள் நிற்கும்போது புத்தகத்தைத் திறப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியதும் திறப்பேன். அடுத்தவர் வருவதற்குள் இரண்டு பக்கம் போகும்.

இந்த மாதிரிப் படிப்பில் பெரிய தொல்லை, மறுபடி திறக்கும்போது எங்கே விட்டோம் என்று தெரியாமல் பின்னால் போய்ப் போய் வருவது. அதற்கு நானாகக் கண்டுபிடித்த வழி, அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல் இருப்பது. முடிந்த இடத்தில் நிறுத்தினால் மனமும் அங்கேயே முடித்துக்கொள்கிறது. மறுநாள் புதிதாகத் தொடங்க ஓர் உந்துதல் தேவைப்படுகிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பதில் வருவதற்கு முன் மூடிவிட்டால், யூரியா விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பதில் என்னவாக இருக்கும் என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். திறந்த நொடியில் கதைக்குள் போய்விடலாம். இரவு படித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தூக்கம் கெடும்.

இன்னொரு சில்லறை நேரம் நீடாமங்கலம் ரயில்வே கேட். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் போகிற ரயில்கள் இங்கே எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டுதான் திரும்பும். சரக்கு ரயில்களின் போக்குவரத்தும் இருக்கிறது. கேட் மூடியிருந்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறுவார்கள். நான் இறங்குவதில்லை. ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் ஒரு சிறுகதைக்குப் போதுமான நேரம் அது. கு.ப.ராஜகோபாலனின் கதைகள் அந்த இடத்துக்கென்றே எழுதியவைபோல் இருக்கும்: சில பக்கம்தான், ஆனால் கேட் திறந்து பஸ் நகர்ந்த பிறகும் கதை நகராமல் நம்மோடு உட்கார்ந்திருக்கும். கும்பகோணத்துக்காரர், 1944-இல் நாற்பத்திரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரையும் அவருடைய நண்பர் ந.பிச்சமூர்த்தியையும் நான் பஸ்ஸில்தான் படித்து முடித்தேன். பஸ்ஸுக்கு எடுத்துப் போகும் புத்தகம் கைப்பைக்குள் அடங்க வேண்டும். ஓர் எழுத்தாளரின் கதைகள் அனைத்தையும் ஒரே தொகுதியாக, செங்கல் கனத்துக்கு அச்சிடும் வழக்கம் வந்த பிறகு எனக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம். அலமாரிக்கு அது அழகு. படிப்பதற்குப் பழைய மெலிந்த தொகுப்புகள்தான் தோது. கிடைக்கிற இடத்தில் அவற்றை வாங்கிவிடுகிறேன்.

கோடைக்கு வருகிறேன். உளுந்தும் பயறும் எடுத்தபின் வயல் வெடித்துக் கிடக்கும்; பகலில் கடைப்பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. பெரிய நாவலுக்கு அதுதான் காலம். ஆனால் நம் பெரிய நாவல்களில் பாதி, நாவலாக ஒரே மூச்சில் எழுதப்பட்டவை அல்ல, பத்திரிகைத் தொடர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. என் மகள் அதை ஒரு விடுமுறையில் விழுங்கிவிட்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டாள். போன வாரம் படித்ததை மறந்திருக்கக்கூடிய வாசகருக்காக எழுதியது அது; நினைவூட்டத்தான் செய்யும். அத்தியாயத்தின் கடைசி வரியில் கொக்கி இருப்பதும் அதற்காகவே. நாள் ஒன்றுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்தால் அந்த நினைவூட்டல் உறுத்தாது, கொக்கியும் தன் வேலையைச் செய்யும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடமும் இதையே சொல்வேன். 1940 முதல் 1942-இல் அவர் மறையும் வரை 'ஆனந்த விகட'னில் வந்த தொடர் அது. கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தபோது, 1880-இல், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்க, அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறாரே, அந்த இடத்தை ஒரு நாள் முழுவதும் மனதில் வைத்திருக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்துக்கு உடனே ஓடினால் பாதி ருசி போய்விடும்.

முன்னுரைகளை நான் கடைசியில் படிக்கிறேன். கதை முழுவதையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று அழைக்கிற முன்னுரைகள் தமிழில் ஏராளம்.

இரவில் வேறு ஒரு வாசிப்பு நடக்கிறது. என் மாமியாருக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சை செய்த பிறகும் பொடி எழுத்து தெரிவதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் சலிப்பு வந்து, நீ படிப்பதை எனக்கும் படித்துக் காட்டேன் என்று கேட்டார். சாப்பாடு ஆனதும் திண்ணையிலோ கூடத்திலோ உட்கார்ந்து அரைமணி நேரம் வாய்விட்டுப் படிப்பேன். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் எந்த எழுத்துக்கு மூச்சு இருக்கிறது, எது காகிதத்தில் மட்டும் நடமாடுகிறது என்பது தெரிகிறது. கண்ணால் படித்தபோது அழகாக இருந்த பல வாக்கியங்கள் வாயில் தடுக்கி விழுந்தன. தி.ஜானகிராமன் தடுக்கவே இல்லை. மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். அவருடைய பாத்திரங்கள் பேசினால் பக்கத்து வீட்டுப் பேச்சு ஜன்னல் வழியே வருகிறது என்று நினைத்து அத்தை தலையைத் திருப்புவார். 'மோகமுள்'ளைப் படித்து முடிக்க எங்களுக்கு ஒரு கோடை ஆயிற்று. அதன் நாயகி யமுனாவைப் பற்றி அத்தைக்கும் எனக்கும் நடந்த வாதம் இன்னும் முடியவில்லை.

நாவல் முடிகிற நிலையில் இருந்தபோது அத்தை ஒரு கேள்வி கேட்டார். "நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். காபி வாசனை வருகிறது, சங்கீதம் கேட்கிறது. இந்த வீடுகளில் யாரும் நெல் அவிக்கவே மாட்டார்களா?"

அத்தை சிறுவயதிலிருந்து நெல் அவித்தவர், களத்தில் காயப்போட்டுக் காலால் துழாவியவர், நடவுக்கு இறங்கியவர். அவர் கேட்டது குறையாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தஞ்சை எழுத்து என்று சொல்லி என் அலமாரியில் நான் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தேன். ஆறு இருந்தது, கோயில் இருந்தது, அக்கிரகாரம் இருந்தது, வெற்றிலை இருந்தது, நிலத்தின் வருமானம்கூட இருந்தது. அந்த நிலத்தில் குனிந்து நின்றவர்கள் ஓரத்தில்தான் வந்துபோனார்கள். ஜானகிராமன் தன் கண் கண்ட தெருவை எழுதினார். மற்ற தெருவை அவரிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் உரம் விற்றுப் பிழைக்கிற நான் அந்த ஒரு தெருவைப் படித்துவிட்டு டெல்டாவைப் படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதும் முறையில்லை.

அதிலிருந்து என் தேர்வு மாறிற்று. புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது, இதில் யாராவது வேலை செய்கிறார்களா என்பதை. காதலும் துயரமும் எல்லாக் கதையிலும் இருக்கும்; அந்த மனிதர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார், அந்த வேலை எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' அப்படித்தான் எனக்குப் பிடித்துப்போயிற்று. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பத்துக் கதை. வெங்கட்ராம் தாமே பட்டு, சரிகை வியாபாரத்தில் இருந்தவர் என்பதால் தறிச் சத்தத்தோடு கடன் கணக்கும் அதில் கேட்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து இடையிருப்பில் இருந்துகொண்டு கிராமத்தை எழுதும் சி.எம்.முத்துவையும் அப்படித்தான் கண்டடைந்தேன். அவருடைய கதைகளைப் படித்துக் காட்டியபோது அத்தை இடையிடையே வசவுகளைத் திருத்தினார். எங்கள் ஊரில் இன்னும் காரமாகத் திட்டுவார்களாம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. அதே நிகழ்ச்சியைப் பின்னாளில் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' என்ற நாவலாக எழுதினார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். ஒரே தீயை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்க்கிறார்கள். முதலாவது, வெளியிலிருந்து வந்த படித்தவர்களின் வழியாகவும், நிலக்கிழாரின் மனக்கோளாறு வழியாகவும் போகிறது. இரண்டாவது, வயலில் நிற்பவர்களின் பேச்சோடு போகிறது. எனக்கு இரண்டாவது நெருக்கம். முதலாவதைப் படித்திருக்காவிட்டால் அந்த நெருக்கத்தின் காரணம் விளங்கியிருக்காது. இவற்றை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. அவருக்கு அந்தக் காலம் நேரடியாகத் தெரியும். கதையாக வேண்டாம் என்றார்.

இவ்வளவையும் விலை கொடுத்து வாங்கினேனா என்றால், இல்லை. பாதிக்கு மேல் கிளை நூலகம்தான். நம் வீட்டு வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். ரசீதைப் பார்த்தால் தெரியும். கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருப்பது எனக்கு வியாபாரியாகவே பொறுக்கவில்லை. நூலகத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். அவருடைய ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில், ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபை பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். உரமும் விதையும் போகிற அதே சாலைகளில் புத்தக வண்டி போயிருக்கிறது என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது ரங்கநாதன் விதிகளில் ஒன்று. கிளை நூலகத்தில் ஆண்டுக்கணக்காக யாரும் எடுக்காத, தேதிச் சீட்டில் முத்திரையே விழாத புத்தகங்களை வேண்டுமென்றே எடுத்துப் பார்ப்பேன். பலவற்றை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் அலமாரியில் இருக்கும் சிறந்த புத்தகங்களில் சில, அப்படி எடுத்துப் படித்துவிட்டுப் பிறகு தேடி வாங்கியவை.

வாங்கும்போது நான் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதை எல்லாரும் கவனமாக எழுதிவிடுகிறார்கள். நடுவில் பிரித்து ஒரு பக்கம் முணுமுணுத்துப் படிப்பேன். மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு பக்கம். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரே வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தால் வைத்துவிடுவேன், மூல ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் விலைக்கழிவு கிடைக்கிறதே என்று வாரிக்கொண்டு வருவதையும் நிறுத்திவிட்டேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய எழுத்தாளர்களை மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் இலவசமாகவே படிக்கலாம். செல்பேசியைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டால் பழைய அச்சுப் பக்கங்களும் கண்ணை உறுத்தாது.

புத்தகப் பராமரிப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது யூரியா. ஈரக்காற்று பட்டால் யூரியா நீர் கோத்துக் கட்டியாகிவிடும். அதனால் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குவோம், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விடுவோம். புத்தக அலமாரியையும் அப்படியே சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். ஐப்பசியில் சுவர் ஓதம் காகிதத்துக்கு ஏறுவது நின்றது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுவது நல்லதென்று நினைக்கிறார்கள். டெல்டா ஈரத்தில் அது உள்ளேயே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கு நான் நாப்தலின் உருண்டை போடுவதில்லை, அந்த வாசனையோடு படிக்க முடியாது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதே பொடியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டித் தட்டுக்கு ஒன்று வைக்கிறேன். வாசனை போனதும் மாற்ற வேண்டும். பங்குனி வெயிலில் அலமாரியைத் திறந்துபோட்டு, புத்தகங்களை நிழலில் காற்றாட வைக்கிறேன். நேர்வெயில் ஆகாது, அட்டை வளைந்துவிடும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் கூடத்து ஓடுகள் பறந்து ஒரு தட்டுப் புத்தகங்கள் முழுக்க நனைந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விசிறியும் இல்லாமல் காயவைத்ததில் தெரிந்துகொண்டவை: நனைந்த புத்தகத்தை உடனே விரித்துப் புரட்டக்கூடாது, தாள் கிழியும். முதலில் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரை வடியவிட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு செய்தித்தாள் துண்டு செருகி, துண்டு ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால்வாசி காய்ந்தபின் மேலே பாரம் வைக்கலாம். சாதாரணத் தாளில் அச்சிட்டவை எல்லாம் பிழைத்தன, கொஞ்சம் பருத்துப்போய். வழவழப்புத் தாளில் அச்சிட்ட கோயிற்கலைப் புத்தகம் ஒன்று ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டது. அந்த வகைத் தாளை ஈரத்தோடு இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தால்தான் உண்டு.

இரவல் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுப்பேன். கடையில் உரக்கடன் எழுதும் பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் புத்தகக் கடனும் எழுதப்படும்: பெயர், புத்தகம், தேதி. தவணையும் அதேதான், அறுவடை வரை. சம்பா அறுத்து நெல் போட்டதும் உரப் பாக்கி கட்ட வருகிறவர் புத்தகத்தையும் கொண்டுவந்துவிடுகிறார். எழுதிவைத்தது எதிரில் இருப்பதால் கேட்பதற்குக் கூச்சமும் இல்லை. இந்த முறையில் இதுவரை வராமல் இருப்பது விதைக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவரிடம் இருக்கும் பிச்சமூர்த்தி கதைத் தொகுப்பு மட்டுமே. அவர் இப்போது வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, இன்னும் இரண்டு கதை பாக்கி இருக்கிறது என்றார்.